குறிக்கோள் சில, பயன் பல

(டெய்ரி ஃபார்ம் தமிழ்க் குடும்பங்களின் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தீவிலே இரயில் இல்லை. தண்டவாளம் இல்லாத ஊரிலே இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என் தமக்கையார் குடும்பம் இந்த டெய்ரி ஃபார்மில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்களைக் காண்பதற்காகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். வந்தவனைச் சும்மா இருக்க விடாமல் என் அத்தான் சங்கத்தாரிடம் சொல்லிவிட்டார். சங்கத்தாரும் விருந்தினன் என்ற ஒரே தகுதியைக் கருதி என்னை மேடையில் நிறுத்திவிட்டனர். நான் புலவன் அல்லன்; பட்டம் பெற்றவனும் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதி வருபவன். ஆகவே கற்றோர் அவையில் கற்பனைக்கு இடம் கொடாமல், கண்டதையும் கேட்டதையும் படித்ததையும் மட்டும் சொல்லி அமைகின்றேன்.

"வாழ்க்கையில் குறிக்கோள்" என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. குறிக்கோள் வேண்டும் என்று சொல்ல ஒரு மேடை தேவையில்லை. குறிக்கோள் இல்லாத மனிதனை நான் இதுவரை கண்டதில்லை. நம்மிடம் உள்ள குறை வேறு. ஒருவனுக்குப் பத்துக் குறிக்கோள்கள் இருக்கின்றன. பத்தும் பாதி வழியிலே நிற்கின்றன. எனவே குறிக்கோளின் எண்ணிக்கையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

ஆசைகளின் அணிவகுப்பு

ஒரு சாதாரணக் குடும்பத்தலைவனின் மனத்தைத் திறந்து பார்ப்போம். சொந்த ஊரிலே ஒரு மனை வாங்க வேண்டும். இங்கேயும் ஒரு வீடு கட்ட வேண்டும். மகன் மருத்துவனாக வேண்டும். அது கிட்டாவிட்டால் பொறியாளனாக வேண்டும். அதுவும் கிட்டாவிட்டால் சர்க்கார் உத்தியோகமாவது கிடைக்க வேண்டும். மகளுக்கு நகை சேர்க்க வேண்டும். சிறு வியாபாரம் ஒன்று தொடங்க வேண்டும். உடம்பு இளைக்க வேண்டும். யோகாசனம் பயில வேண்டும். ஆண்டுதோறும் குலதெய்வத்தை வழிபட வேண்டும். தமிழ் நூல்களைப் படிக்க வேண்டும். இவற்றுள் தீயது எது? ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லவையே. அதனால்தான் எதையும் விட மனம் வருவதில்லை. தீய ஆசையை விடுவதற்கு ஊரெல்லாம் அறிவுரை சொல்லும். நல்ல ஆசைகளுள் ஒன்றைத் தள்ளி வைக்கச் சொல்வார் ஒருவரும் இலர்.

என் அலுவலகத்திலே ஒரு நண்பர் இருந்தார். நல்லவர்; உழைப்பாளி. ஒரு புத்தாண்டு நாளில் இந்தித் தேர்வுக்குப் பணம் கட்டினார். அதே மாதம் தட்டெழுத்து வகுப்பிலே சேர்ந்தார். அடுத்த மாதம் அஞ்சல் வழியாக ஹோமியோபதி பயிலத் தொடங்கினார். சித்திரை பிறந்ததும் வயலின் ஒன்று வாங்கினார். ஆண்டு முடிவிலே இந்திப் புத்தகத்தின் மேல் ஹோமியோபதிப் புட்டி நின்றது. அதன் மேல் தூசி படிந்திருந்தது. அவர் ஒரு நாளும் சோம்பியிருந்தவர் அல்லர். விடியற்காலை முதல் நள்ளிரவு வரை ஓடியவரே. ஓடிய தூரத்தை எல்லாம் ஒரே திசையில் ஓடியிருந்தால் எந்த ஊரையேனும் அடைந்திருப்பார்.

எங்கள் சரக்கு நிலையத்திலே ஒரு சட்டம் உண்டு. வந்து இறங்கிய சரக்கை உரியவர் குறித்த நேரத்துக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். எடுக்காமல் போட்டு வைத்தால், கிடக்கும் நேரத்துக்கு 'வார்ஃபேஜ்' என்ற கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வாகனில் இருந்து இறக்காமலே வைத்திருந்தால் 'டெமரேஜ்' என்று மற்றொரு கட்டணம். சரக்கு நல்ல சரக்குத்தான். ஆனால் கிடந்த பாவத்துக்குக் கட்டணம். மனமும் அத்தகைய ஒரு சரக்குக் கொட்டகையே. "செய்ய வேண்டும், செய்ய வேண்டும்" என்று நாம் போட்டு வைக்கும் ஒவ்வொரு நல்லெண்ணமும், எடுக்கப்படாமல் கிடக்கும் நாள்தோறும் நம்மிடம் ஒரு கட்டணம் வாங்குகின்றது. அந்தக் கட்டணத்துக்குப் பெயர் கவலை. செய்த வேலையால் களைத்தவன் படுத்ததும் உறங்குகின்றான். செய்யாத வேலையால் களைத்தவனுக்கு உறக்கமும் வருவதில்லை.

1880-ஆம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை

அன்பர்களே! இவ்வாறு சிதறிக்கிடக்கும் ஆற்றல் ஒரு முனைப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழுலகம் மறக்கவொண்ணாத ஒரு சான்று உண்டு. அவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதர். நாமெல்லாம் 'தமிழ்த் தாத்தா' என்று உரிமையோடு அழைக்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

1855-ஆம் ஆண்டிலே பிறந்த அவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டார். அப்பெரியார் 1876-இல் மறையும் வரை அவருடைய நிழல்போல் இருந்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என எத்தனையோ நூல்களைக் கரை கண்டார். 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். வயது இருபத்தைந்து. உத்தியோகம் உண்டு; ஊதியம் உண்டு; கவி பாடும் ஆற்றல் உண்டு; மாணாக்கர் மதிப்பு உண்டு. நம்மில் ஒருவராக இருந்திருந்தால், "இனி என்ன குறை?" என்று அமர்ந்திருப்போம்.

அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண அவர் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் பட்டியலைத் தொடங்கினார். அந்தாதிகளின் பெயர் அடுக்கினார்; பிள்ளைத்தமிழ்களின் பெயர் அடுக்கினார்; கோவைகளையும் உலாக்களையும் கூறினார். கேட்டவர் முகத்தில் வியப்பில்லை. இவற்றால் என்ன பயன் என்ற கருத்திலே பேசினார். பிறகு சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்நூல்களைச் சாமிநாதையர் படித்திருக்கவில்லை. அவர் மட்டும் அன்று; அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. ஏடுகள் அங்கங்கே பரண்களிலே கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த காலம் அது.

பின்னர் முதலியார் சிந்தாமணிப் பிரதியைத் தந்து படிக்கச் சொன்னார். அந்தச் சந்திப்புத்தான் அவர் வாழ்க்கையின் பாதையைத் திருப்பிய முனை. அன்று முதல் அவருடைய குறிக்கோள் தெளிவாயிற்று. 'தமிழுக்குத் தொண்டு செய்ய வேண்டும்' என்ற அகன்ற ஆசையோடு அவர் நின்றுவிடவில்லை. 'சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பிழையின்றிப் பதிப்பிக்க வேண்டும்' என்ற ஒரே வேலையைக் கையில் எடுத்தார். அது சமண காவியம். சைவச் சூழலிலே வளர்ந்தவர்க்கு அதன் கொள்கைகள் புரியவில்லை. கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தாரிடம் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏடு இருக்கும் ஊர்களுக்கெல்லாம் நடந்தார், ஒப்பு நோக்கினார். ஏழாண்டு கழித்து, 1887-இல், சிந்தாமணி அச்சேறியது.

அதன் பிறகுதான் அடுத்தது. 1889-இல் பத்துப்பாட்டு. 1892-இல் சிலப்பதிகாரம். 1894-இல் புறநானூறு. 1898-இல் மணிமேகலை. 1903-இல் ஐங்குறுநூறு. 1904-இல் பதிற்றுப்பத்து. இந்த ஆண்டுகளை ஒரு முறை வரிசையாகக் காதிலே வாங்குங்கள். ஒரு நிலையத்தை விட்டு மறு நிலையம் சேரும் வண்டிபோல் இல்லையா? 1880-இல் அவர் இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் மேசைமேல் விரித்திருந்தால், நமக்குச் சிந்தாமணியும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 1942-இல் அவர் மறைந்தபோது, அவர் கைபட்டு அச்சேறிய நூல்கள் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டிருந்தன. ஒன்றைப் பற்றியவர்க்குத் தொண்ணூறு கிடைத்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த வேலைக்காக அவர் தம் உத்தியோகத்தை விட்டுவிடவில்லை. குடும்பத்தைத் துறக்கவும் இல்லை. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்படும் வரை, கும்பகோணத்திலே நாள்தோறும் வகுப்பு நடத்திக்கொண்டேதான் இவற்றைச் செய்தார்.

பழைய ஒற்றைப் பாதைகளிலே எங்கள் இரயில்வேயில் ஒரு முறை இருந்தது. இரு நிலையங்களுக்கு இடையே ஒரே பாதை. அந்தப் பாதையிலே நுழையும் ஓட்டுநர் கையில் ஒரு டோக்கன் இருக்க வேண்டும். அந்த டோக்கன் ஒரு கருவிக்குள் இருக்கும். ஒன்றை வெளியே எடுத்துவிட்டால், அது மறு நிலையத்தை அடைந்து அங்குள்ள கருவிக்குள் சேரும் வரை இன்னொன்றை எடுக்க இயலாது. எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு பெரிய அதிகாரி கேட்டாலும் கருவி கொடாது. மனித ஆயுளும் ஒற்றைப் பாதைதான். டோக்கன் கொடுக்கும் கருவி மட்டும் நம்மிடம் இல்லை; அதை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

துறைமுகத்துக் குமாஸ்தா

சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியை விட்டுச் சென்றது 1903-இல். அடுத்த ஆண்டு அதே கல்லூரிக்கு ஓர் இளைஞர் உதவித்தொகையுடன் மாணவராக வந்து சேர்ந்தார். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன். கணிதம் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் கணிதத்தைப் பற்றிக்கொண்டார். மற்றப் பாடங்களைக் கைவிட்டார். உதவித்தொகை போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்விலே தேறவில்லை. வேலை இல்லை, வருவாய் இல்லை. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பகுதியிலே முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். நீங்களும் நானும் இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறுகின்றோமே, அதே துறைமுகம்! மெட்ரிகுலேஷன் தேறிய குமாஸ்தா என்ற அளவிலே எனக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். ஒற்றுமை அத்தோடு முடிகின்றது.

1913-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் ஒரு குமாஸ்தா என்பதை மறையாமல் தெரிவித்துத் தாம் கண்ட தேற்றங்களை அனுப்பினார். 1914 மார்ச்சு 17-இல் அதே சென்னைத் துறைமுகத்தில் இருந்து கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1920 ஏப்ரல் 26-இல் முப்பத்திரண்டு வயதிலே மறைந்தார். அவர் குறித்து வைத்த கணக்குகளை அறிஞர்கள் நூறாண்டு கடந்தும் ஆராய்கின்றனர்.

மாணவர்களே! இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு ஆங்கிலப் பாடத்தை மூடி வைத்துவிட்டு, "இராமானுஜனும் தேறவில்லையே" என்று உங்கள் தந்தையாரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் என்னைத்தான் தேடி வருவார். இராமானுஜன் கொடுத்த விலை பெரிது. பசி, வறுமை, உடல்நலக் கேடு, இளமையிலே மரணம் ஆகியவை அவர் வரலாற்றிலே உள்ளன. எல்லாரும் அவ்விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. ஆனால் ஓர் உண்மையை மறைத்தலும் தகாது. ஒன்றைப் பற்றினால் வேறு சில கைநழுவும். எதையும் இழவாமல் எல்லாவற்றையும் பெறலாம் என்று சொல்பவன் உங்களை ஏமாற்றுகின்றான். எதை இழக்கலாம் என்று முன்கூட்டியே நாம் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காவிட்டால் காலம் தீர்மானித்துவிடும்.

மற்றொன்று. அந்தத் துறைமுக அலுவலகத்திலே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேலாளராக இருந்த எஸ். நாராயண ஐயரும் அவருடைய கணிதத்துக்கு இடம் கொடுத்தனர், ஊக்கினர், பிறரிடம் எடுத்துரைத்தனர். தனி மனிதனின் குறிக்கோள் தழைக்க அருகில் இருப்போர் இடம் விட வேண்டும். இக்கருத்தைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்கின்றேன்.

இம்மண் சொல்லும் பாடம்

கும்பகோணத்தையும் சென்னையையும் பற்றிச் சொல்லிவிட்டு, நாம் நிற்கும் இம்மண்ணை மறந்தால் பிழையாகும். போர்ட் பிளேயர் என்று நாம் நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நகரின் கடலோரத்திலே செல்லுலார் சிறை நிற்கின்றது. 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தனர். ஓர் அறைக்கு ஒரு கைதி. ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவாறு அமைத்த ஏழு கிளைகள். அவற்றுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. வந்த இரண்டாம் நாளே அங்குச் சென்று வணங்கினேன்.

அங்கே அடைக்கப்பட்ட புரட்சியாளர்களின் பெருங்குறிக்கோள் யாது? நாட்டின் விடுதலை. அதைவிடப் பெரியது வேறில்லை. ஆனால் 1933-ஆம் ஆண்டு மே மாதத்திலே அவர்கள் உண்ணாநோன்பு தொடங்கியபோது சிறை அதிகாரிகளிடம் கேட்டவை எவை? உண்ணத் தக்க உணவு, இரவிலே விளக்கு, படிப்பதற்குப் புத்தகமும் செய்தித்தாளும். இத்தகைய கோரிக்கைகளே. கேட்பவருக்குச் சிறியனவாகத் தோன்றும். அவற்றுக்காகப் பகத் சிங்கின் தோழரான மகாவீர் சிங்கும், மோகன் கிஷோர் நமதாசும், மோகித் மொய்த்ராவும் வலிந்து உணவூட்டப்பட்டதன் விளைவாக உயிர் நீத்தனர். 46 நாட்கள் நீடித்த நோன்பின் முடிவிலே கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. விளக்கு வந்தது, புத்தகம் வந்தது, சிறை ஒரு கல்விக்கூடம் ஆயிற்று. பின்னர் 1937 சூலையில் மீண்டும் ஒரு நோன்பு. இம்முறை தாயகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களின் முதன்மையான கோரிக்கை. 1938 சனவரிக்குள் அரசியல் கைதிகள் இத்தீவை விட்டு அனுப்பப்பட்டனர்.

அப்பெரியோரின் தியாகத்தை நம் அன்றாட வாழ்க்கையோடு ஒப்பிடத் துணியேன். ஆயினும் அவர்களிடம் கற்க ஒன்று உண்டு. பெருநோக்கம் வானத்து விண்மீன் போன்றது, திசை காட்டும். இன்று எட்டி வைக்க வேண்டிய அடி வேறு. அந்த அடியை அவர்கள் தெளிவாகப் பெயரிட்டுக் கேட்டனர். கேட்டதைப் பெறும் வரை அசையாமல் நின்றனர்.

கடமை வேறு, குறிக்கோள் வேறு

"ஐயா, குடும்பஸ்தனுக்கு எத்தனையோ பொறுப்பு, ஒன்றை மட்டும் செய் என்றால் எப்படி?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கின்றது. நியாயமான கேள்வி. உத்தியோகத்துக்குச் செல்வது, அரிசி பருப்பு வாங்குவது, பெற்றோர்க்குப் பணம் அனுப்புவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது ஆகியவை கடமைகள். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்; குறைக்கவும் முயலாதீர்கள். கடமை போக எஞ்சும் பொழுதையும் பொருளையும் எங்கே செலுத்துவது என்பதே குறிக்கோள்.

அந்த எஞ்சிய பொழுது உங்களுக்கு அதிகமாகவே இருக்கின்றது. மார்கழியிலே இங்கு ஐந்து மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடுகின்றது. சென்னையில் சாய்வதற்கு ஏறத்தாழ முக்கால் மணி முந்தி! கதிரவன் உங்களுக்கு அவ்வளவு நீண்ட மாலையைத் தருகின்றான். அம்மாலை எங்கே போகின்றது? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. உலகம் உள்ளங்கைக்குள் வந்தது. நல்லதே. ஆனால் முன்பு அடுத்த வீட்டாரின் ஆசைகளை மட்டும் கண்டு ஏங்கிய நாம், இப்போது உலகத்தார் அனைவரின் ஆசைகளையும் கண்டு ஏங்குகின்றோம். மாலைப் பொழுது கைப்பேசியிலே கரைகின்றது. மனக் கொட்டகையிலோ மேலும் சரக்கு வந்து இறங்குகின்றது.

திருக்குறளிலே வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மூன்று அதிகாரங்கள் இவ்வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த வரிசையே எனக்கு ஒரு பாடமாகத் தோன்றுகின்றது. முதலில் வினை தூயதா என்று பார். பின்பு அதில் உறுதி கொள். அதன் பின்பே செய்யும் வகையை ஆராய். நாமோ பெரும்பாலும் கடைசியில் இருந்து தொடங்குகின்றோம். வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, இந்தப் படிப்பு நமக்கு வேண்டுமா என்று பிறகு எண்ணுகின்றோம்.

எனக்குத் தெரிந்த எளிய முறை ஒன்றைச் சொல்லுகின்றேன். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மனத்தில் உள்ள விருப்பங்கள் அனைத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று வினாக்கள் கேளுங்கள்.

முதல் வினா: இது என் விருப்பமா, அயலாரைக் கண்டு வந்த விருப்பமா? இந்த ஒரு வினாவிலேயே பாதிப் பட்டியல் அழிந்துவிடும்.

இரண்டாவது: இது முடிந்தது என்று எதைக் கொண்டு அறிவேன்? 'பணம் சேர்க்க வேண்டும்' என்பது தெளிவற்றது. 'வரும் தைப் பொங்கலுக்குள் இந்தக் கடனை அடைப்பேன்' என்பது தெளிவானது. 'பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும்' என்பது வெறும் ஆசை; 'நாள்தோறும் மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை அவனருகே அமர்வேன்' என்பது குறிக்கோள். முன்னதிலே வேலை பிள்ளைக்கு. பின்னதிலே வேலை நமக்கு!

மூன்றாவது: இதற்காக எதை விடுவேன்? இதற்கு விடை எழுத முடியாத எதையும் குறிக்கோள் எனக் கொள்ளாதீர்கள்.

மூன்று வினாவுக்கும் நின்றவற்றுள் இரண்டை மட்டும் எடுங்கள். வயிற்றுக்கு ஒன்று, உள்ளத்துக்கு ஒன்று. ஓராண்டுக்கு இது போதும். மற்றவற்றைக் கிழித்தெறிய வேண்டா. மடித்துப் பெட்டியில் வையுங்கள். அவை நிராகரிக்கப்பட்ட சரக்கு அல்ல. அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் சரக்கு.

இல்லத்திலே

தாய்மார்களே! உங்களிடம் ஒரு வார்த்தை. ஆடவர் கூட்டத்துக்கும் அது சேரும். ஒரு வீட்டிலே கணவனின் குறிக்கோளைச் சுமப்பவள் மனைவி. மகனின் தேர்வைச் சுமப்பவள் தாய். மாமியாரின் மருந்து வேளையை நினைவில் வைத்திருப்பவளும் அவளே. இத்தனை பேருடைய குறிக்கோளுக்கும் டோக்கன் கொடுக்கும் நிலையமாக நிற்பவளுக்குத் தன் வண்டி என்று ஒன்று உண்டா? நான் என் தமக்கையாரிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டுக் கற்க வேண்டும் என்று இருந்தேன் தம்பி, முப்பது வருஷம் ஆகிவிட்டது" என்றார்கள். என் அத்தான் அருகில்தான் இருந்தார். அவருக்கே அது புதுச் செய்தி!

நாராயண ஐயர் ஒரு குமாஸ்தாவுக்கு இடம் கொடுத்தாரே, அதுபோல் வீட்டிலே ஒருவர்க்கொருவர் இடம் கொடுக்க வேண்டும். இன்றிரவு உணவு முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் தாளை எடுத்துப் படியுங்கள். இல்லத்தலைவியின் தாள் முதலில் வாசிக்கப்படட்டும். ஒரு மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கினால் அடுப்பு அணைந்துவிடாது. வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரம் ஆடவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள்மீது நம் ஆசைகள் அனைத்தையும் ஏற்றாதீர்கள். ஒரு வாகனுக்கு இவ்வளவு எடைதான் ஏற்றலாம் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பிள்ளையின் முதுகிலே அவ்வாறு எழுதியிருப்பதில்லை. ஆனால் எல்லை அங்கும் உண்டு.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, தனி மனிதனுக்குச் சொன்னதையே சங்கத்துக்கும் விண்ணப்பமாக வைக்கின்றேன். என் அத்தான் வீட்டில் இருந்த பழைய ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன. சொந்தக் கட்டிடம், நூல்நிலையம், கையெழுத்து இதழ், மருத்துவ முகாம், விளையாட்டுப் போட்டி, பட்டிமன்றம், தமிழகச் சுற்றுலா, குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு என எட்டும் பத்துமாக உள்ளன. எண்ணம் உயர்ந்தது. ஆனால் உழைப்பவர் நால்வர் ஐவரே என்பதையும் அறிந்தேன். அவர்களும் உத்தியோகம் பார்த்துவிட்டு வருபவர்கள். அவர்கள் தோளிலே பத்துத் தீர்மானத்தை ஏற்றினால் அவர்களும் களைப்பார்கள், தீர்மானங்களும் களைக்கும்.

இன்று மாலை இதே மேடையிலே ஒரு சிறுவன் தமிழின் பெருமையைப் பற்றி அழகாகப் பேசினான். கணீரென்ற குரல்; பிழையற்ற உச்சரிப்பு. பேசி முடித்து இறங்கியபோது அவன் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ்ச் சொற்கள்; ஆனால் எழுத்து ஆங்கில எழுத்து. அக்குழந்தை மீது எள்ளளவும் குறை இல்லை. அவனுக்கு வீட்டிலே தமிழ் இருக்கின்றது. தெருவிலே இந்தி இருக்கின்றது. பள்ளியிலே ஆங்கிலம் இருக்கின்றது. மூன்று மொழி பேசும் அவன் நம்மைவிடக் கெட்டிக்காரன். ஆனால் ஊரிலிருந்து அவனுடைய பாட்டி எழுதும் கடிதத்தை அவனால் படிக்க முடியாது. சாமிநாதையர் நாற்பது ஆண்டு, ஐம்பது ஆண்டு நடந்து நடந்து காத்துக் கொடுத்த நூல்களின் முதற்பக்கத்தை அவனால் திறக்க முடியாது. ஏட்டைக் கரையான் தின்றாலும், எழுத்தை ஒரு தலைமுறை மறந்தாலும் விளைவு ஒன்றுதான்.

ஆகவே என் விண்ணப்பம் இது. இந்த ஓராண்டுக்குச் சங்கம் ஒரே ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு நாள், குறித்த ஒரே மணிக்கு, குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க ஒரு வகுப்பு. மழை பெய்தாலும் நடக்க வேண்டும். மூன்றே குழந்தைகள் வந்தாலும் நடக்க வேண்டும். கற்பிக்கப் பண்டிதர் வேண்டியதில்லை. எழுத்தறிந்த தாய்மார் இங்கு எத்தனையோ பேர் இருக்கின்றனர். முடிந்தது என்று எதைக் கொண்டு அறிவது? அடுத்த ஆண்டு விழாவிலே ஒவ்வொரு குழந்தையும் தன் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தன் கையால் தமிழில் ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்திருக்க வேண்டும். அதுவே அளவு. எதை விடுவது? மற்ற ஒன்பது தீர்மானங்களையும் ஓராண்டுக்கு விடுவது. பட்டிமன்றம் இல்லாமல் ஓராண்டு நாம் பிழைத்திருப்போம்.

இவ்வாறு சொல்வதால் கட்டிடம் வேண்டும் என்று உழைக்கும் பெரியவர்கள் மனம் வருந்த வேண்டா. சிந்தாமணி முடிந்த பிறகே பத்துப்பாட்டு வந்தது. எழுத்துக் கற்ற பிள்ளைகள் நிறைந்த சங்கத்துக்குக் கட்டிடம் தானே எழும். பிள்ளைகள் படிக்க வராத கட்டிடத்திலே நாற்காலிகள்தாம் வீற்றிருக்கும்.

நான் அடுத்த வாரம் கப்பலேறுகின்றேன். என் முகவரியைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்கின்றேன். தாத்தா பாட்டி இல்லாத குழந்தைகள் எனக்கு எழுதலாம். பதில் எழுதுவது என் பொறுப்பு. என் தாளிலே, உள்ளத்துக்கு என்று நான் குறித்திருக்கும் இடத்தில், இந்த ஆண்டு அதையே எழுதிக்கொள்கின்றேன்.



வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!